மாலக்கி லவெலுக்கு ஒரு வரி

கவன்ட்ரி, இங்கிலாந்து
12 பிப்ரவரி 1978

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை டிம்ப்னா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

மார்ச் பதினேழு, பாட்ரிக் திருநாள் வருகிறது. எங்கள் அயர்லாந்து மக்கள் சங்கத்துக்கு வழக்கம்போல, அன்று கோட்டில் குத்திக்கொள்ள, ஷாம்ராக் மூவிலை பறித்து அனுப்பு. போன வருடம் நீ அனுப்பியது தேயிலை மாதிரி வந்து சேர்ந்தது. தலைவர் டெவேன் அதைக் கோட்டில் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். பாதி வழியிலேயே குண்டூசி மட்டும்தான் மிச்சம். இந்த முறை ஈரத் துணியில் சுற்றி அனுப்பு.

இன்னொரு செய்தி. தனியாக வாழும் நம் நாட்டு ஆண்களுக்குச் சங்கத்தில் புதன்கிழமை மதியச் சாப்பாடு போடுகிறோம் அல்லவா? அதற்குப் புதிதாக ஒருவர் வருகிறார். ஸ்காட்லாந்தில் அணைக்கட்டு, சாலை என்று வேலை பார்த்துவிட்டுப் போன செப்டம்பரில் இங்கே வந்தவர். மூன்றாவது முறை உருளைக்கிழங்கு கேட்டபோதுதான் அவர் பேச்சைக் கவனித்தேன். நம் பக்கத்துப் பேச்சு. எந்த ஊர் என்றேன். கில்டாரா என்றார். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டேன். நம் மேட்டு வீட்டு மாலக்கி லவெல், அண்ணா. ஆஸ்டின் லவெலின் தம்பி. கிளம்பிப் போய் முப்பது வருடம் ஆகிறதாம்.

ஆகஸ்டில் சங்கம் ஒரு பேருந்து அமர்த்தி, இருபது வருடத்துக்கு மேல் ஊர் மண்ணை மிதிக்காதவர்களை நான்கு நாள் அழைத்துப் போகிறது. வீட்டார் ஒருவர் “வரட்டும்” என்று எழுதித் தர வேண்டும் என்பது டெவேன் வைத்த விதி. யாரும் சொந்த வாசலில் நின்று தலைகுனியக் கூடாது என்கிறார். நீ ஒரு நடை மேட்டுக்குப் போய் ஆஸ்டினிடம் கேட்டு எழுது. அரை மணி நேர வேலை.

பிரார்த்தனையில் என்னையும் சேர்த்துக்கொள்.
டிம்ப்னா


கில்டாரா, மேயோ, அயர்லாந்து
27 பிப்ரவரி 1978

அன்புத் தங்கை டிம்ப்னாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உயிரோடு இருக்கிறேன்; இந்த வயதில் அதுவே பெரிய செய்தி. தைலம் தேய்க்கிறேன். நாய் என் பக்கத்தில் வருவதை நிறுத்திவிட்டது.

ஷாம்ராக் பற்றி விரிவாக எழுத வேண்டும். இந்த வருடம் கிழக்கு வேலியோரம் முளைத்திருப்பது மெலிந்தது, மேற்கே இருப்பது தழைத்தது. இரண்டையும் கலந்து, ஈரத் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் அடைத்து அனுப்புகிறேன். டப்பாவில் எல்லாப் பக்கமும் சிறு துளை போட்டிருக்கிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு. புதுப் பங்குச் சாமியார் பிரசங்கத்தை ஏழு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஊரே அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று கவலைப்படுகிறது. நான்கு கோழிகள் முட்டை இடுகின்றன, ஐந்தாவது யோசிக்கிறது.

மேட்டுப் பக்கம் சேறு அதிகம்.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.
அண்ணன் கோல்மன்


கவன்ட்ரி
22 மார்ச் 1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் முழங்காலும் எப்போதும்போல. ஊர்வலம் நன்றாக நடந்தது. உன் டப்பாவைத் திறந்தபோது இலையோடு ஒரு நத்தையும் வந்திருந்தது. அதைப் பார்க்க இருபது பேர் வரிசையில் நின்றார்கள். “மேயோ நத்தை”யாம். டெவேன் அதை வைத்தே பன்னிரண்டு நிமிடம் பேசினார்.

மாலக்கி ஊர்வலத்துக்கு வந்தார். பெட்டிக்கடியிலிருந்து எடுத்த நீலக் கோட்டு, இஸ்திரி போட்டது. பேருந்துப் பட்டியலில் பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதிக்கோ, ஆனா பென்சில்ல எழுது” என்றார்.

“ஏன்?”

“ஆஸ்டின் என்னைக் கூப்பிட மாட்டான். அவன் கோவம் லேசுல போகாது.”

என்ன சண்டை என்று நோண்டிக் கேட்டேன். வைக்கோல் காயவைக்கிற நாளில் இவர் கால்பந்து ஆட்டத்துக்குப் போய்விட்டாராம். மாலையில் மழை. அண்ணன் திட்ட, தம்பி பெட்டி கட்ட, அவ்வளவுதான். “ஜெயிச்சீங்களா?” என்றேன். “ரெண்டு கோல் வித்தியாசத்துல தோத்தோம்” என்றார்.

போன கடிதத்தில் சேற்றைப் பற்றி எழுதினாய், ஆஸ்டினைப் பற்றி எழுதவில்லை. சேறு காய்ந்திருக்கும். போய்க் கேள்.

டிம்ப்னா


கில்டாரா
20 ஏப்ரல் 1978

தங்கைக்கு,

இடுப்பு பரவாயில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், ஈஸ்டர், கோழி, கூரை.

நீ சொன்ன விஷயத்தை யோசித்தேன். லவெல் என்ற பெயரில் நம் கோயில் பங்கில் மட்டுமே இரண்டு குடும்பம் உண்டு, மேட்டு லவெல், கரை லவெல். இரண்டிலும் மாலக்கி இருந்தார்கள். அங்கே சாப்பிட வருகிறவர் யாரோ? பசியில் மனிதன் எதையும் சொல்வான். அப்படியே அவர் இவர்தான் என்றாலும், அறுபத்தொரு வயதில் கப்பல், பேருந்து எல்லாம் ஒத்துக்கொள்ளுமா? கவன்ட்ரியிலேயே நல்ல பூங்கா இருக்கிறது என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய்.

ஆஸ்டின் வீட்டில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். இரண்டு முறை தூரத்திலிருந்து பார்த்தேன்.

அண்ணன் கோல்மன்


அயர்லாந்து மக்கள் சங்கம், கவன்ட்ரி
2 மே 1978

மதிப்பிற்குரிய திரு. ஆஸ்டின் லவெல் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மாடுகளும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நான் தபால்கார கோல்மன் ரூவேனின் தங்கை. தங்கள் தம்பி மாலக்கி இங்கே எங்கள் சங்கத்தில் நலமாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். வரும் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி சங்கப் பேருந்தில் அவரை ஊருக்கு அழைத்துவர விரும்புகிறோம். தங்களுக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
டிம்ப்னா ரூவேன், செயலாளர்


கில்டாரா
16 மே 1978

செயலாளர் அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சங்கம் எனக்கு அனுப்பப்போகும் நாட்காட்டிக்கு முன்கூட்டியே நன்றி. மாடு படம் போட்டதாக இருந்தால் நல்லது. இங்கே மழை அளவாகப் பெய்கிறது.

ஆஸ்டின் லவெல்


கவன்ட்ரி
23 மே 1978

அண்ணா,

என்ன நாட்காட்டி? மே மாதத்தில் யார் நாட்காட்டி அனுப்புவார்கள்?

ஒவ்வொரு வரி முடிவிலும் எலி வால் மாதிரி ஒரு கோடு இழுத்துவிடும் கையெழுத்து உலகத்தில் ஒன்றுதான் உண்டு. முப்பது வருடமாக அதைப் படிக்கிறவள் நான். ஆஸ்டின் பெயரில் நீ ஏன் எனக்குக் கடிதம் எழுதினாய்?

உன் இடுப்பைப் பற்றி இந்த முறை நான் விசாரிக்கவில்லை.

டிம்ப்னா


கில்டாரா
25 ஜூன் 1978

என் தங்கை டிம்ப்னாவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. இதுவரை ஆறு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். இது ஏழாவது. இதை எழுதியதும் நேராகத் தபால்பெட்டியில் போடப் போகிறேன், திரும்பப் படிக்காமல்.

மாலக்கி லவெல் இங்கே செத்துப்போய் இருபத்தேழு வருடம் ஆகிறது. அவரைக் கொன்றது நான்தான்.

1951 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து ஒரு தந்தி வந்தது. சுரங்க வேலை விபத்தில் மாலக்கி லவெல் இறந்தார், மனைவி ஐலீனுக்குத் தெரிவிக்கப்பட்டது என்று. முகவரியில் “லவெல், கில்டாரா” என்பதைத் தவிர ஒன்றுமில்லை. சைக்கிளைத் திருப்பி மேட்டுக்கு மிதித்தேன். ஆஸ்டினுக்குப் படிக்க வராது, டிம்ப்னா. ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வீட்டுக்கு வருவதையெல்லாம் வாசலில் நின்று நான்தான் படித்துக் காட்டுவேன். அன்றும் படித்தேன். “கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு?” என்று கேட்டார். அதோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூசை வைத்தார்கள். அவர்கள் அப்பா அம்மா கல்லறைக் கல்லில் மாலக்கி பெயரையும் வெட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் கரை லவெல் வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சாமியார் எழுதிய கடிதம் வந்தது: உங்கள் மகன் மாலக்கி சுரங்கத்தில் இறந்தான், மருமகள் ஐலீன் தேறிவருகிறாள். அதையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் நிலைமையை யோசித்துப் பார். ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? “பாவம், ஒரே பேர்ல ரெண்டு பேர், ஒரே சுரங்கத்துல, ரெண்டு பேருக்கும் ஐலீன்னு பொண்டாட்டி.” ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த ஊரில் பிறந்ததற்கு அன்றுதான் வெட்கப்பட்டேன், கொஞ்சம் நன்றியோடு.

நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் 1953 கிறிஸ்மஸ் வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்டினுக்கு ஒரு கடிதம். உறையின் பின்னால் அனுப்புநர் மாலக்கி. இறந்தவனிடமிருந்து வந்த கடிதத்தை எப்படிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன்? முதலில் தந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்று பயம். அம்மா அப்போது என்னோடு இருந்தாள். பண்டிகை முடியட்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அது அங்கேயே இருக்கிறது. நான் அதைப் பிரிக்கவில்லை. அந்த அளவுக்கு நல்ல தபால்காரன். ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்டினுக்கு வருவதைப் படிப்பது நான்தான்; உன் மே மாதக் கடிதத்தை, சங்கம் நாட்காட்டி அனுப்பப்போகிறது என்று மாற்றிப் படித்தேன், அவர் சொன்ன பதிலை எழுதினேன்.

அம்மா அடக்கத்துக்கு நீ வந்தபோது கல்லறையில் நான் ஏன் ஒரே இடத்தில் நகராமல் நின்றேன் என்று கேட்டாய். துக்கத்தால் என்றேன். அந்தக் கல்லை மறைத்துக்கொண்டு நின்றேன்.

நீ என்னை எப்படித் திட்டினாலும் சரி.

கோல்மன்


கவன்ட்ரி
4 ஜூலை 1978

அண்ணா,

திட்ட உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. அதை அனுப்பவில்லை, வைத்திருக்கிறேன், தேவைப்படும்.

மாலக்கியிடம் சொல்லிவிட்டேன். சங்கத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“மாலக்கி, ஊர்ல நீங்க செத்துட்டதா நெனச்சுட்டு இருக்காங்க.”

“எப்போ?”

“ஐம்பத்தொண்ணுல.”

கத்தியை நிறுத்தி யோசித்தார். “அந்த வருஷம் எனக்குப் பல்வலியைத் தவிர ஒண்ணும் வரலையே.”

“உங்களுக்கு ஐலீன்னு ஒரு பொண்டாட்டியும் இருந்தாங்களாம்.”

இதுதான் அவரை அசைத்தது. எழுந்து நின்றுவிட்டார். “செத்ததாவது போகட்டும். எனக்கு எப்படிக் கல்யாணம் பண்ணி வெக்கலாம்? இத்தனை வருஷமா நான் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன் தெரியுமா?”

பிறகு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.  மூன்று கிழங்கை உரித்தார், ஏற்கெனவே உரித்த ஒன்றை இன்னொரு முறை உரித்தார்.

“அப்போ அவன் காதுல அது விழவே இல்லையா?”

“இல்ல.”

“ஒரு வரி எழுதுன்னு கேட்டிருந்தேன். கோல்மன்கிட்டச் சொல்லி எழுதுவான்னு ரெண்டு வருஷம் வீடு மாத்தாம இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கான்னு நெனச்சேன்.” கையைத் துடைத்துக்கொண்டார். “இருபத்தஞ்சு வருஷமா ஒரு தப்பும் பண்ணாதவன்மேல கோவமா இருந்திருக்கேன். அதுவும் எவ்வளவு கோவம்!”

உன்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இப்போது பசிக்கிறது என்றார்.

பட்டியலில் அவர் பெயரின் மேல் மையால் எழுதிவிட்டேன். விதியை மீறியதற்கு டெவேனிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ இந்த வாரமே மேட்டுக்குப் போய் ஆஸ்டினிடம் எல்லாவற்றையும் சொல். அந்தக் கடிதத்தையும் கொண்டுபோ. நீ சொல்லாவிட்டால், ஐந்தாம் தேதி பேருந்திலிருந்து இறங்குகிறவரைப் பார்த்து ஆஸ்டினுக்கு மாரடைப்பு வரும். அப்போது உண்மையிலேயே ஒரு லவெலைக் கொன்றவனாவாய்.

தைலம் தேய்.
டிம்ப்னா


கில்டாரா
17 ஜூலை 1978

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன். நிற்க முடிகிறது, எழுத முடிகிறது, பற்கள் எல்லாம் இருக்கின்றன.

ஆஸ்டின் கொட்டகையில் இருந்தார். தந்தியிலிருந்து நாட்காட்டி வரை ஒன்று விடாமல் சொன்னேன். மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார். 

“அப்போ நாட்காட்டி வராதா?” என்றார்.

“வராது.”

“தம்பி வர்றான்.”

“வர்றார்.”

பிறகு முகத்தை மாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று முதலில் பார்த்தேன். இல்லை.

திரும்பியபோது “கடுதாசி எங்க?” என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

“இப்படியா கொண்டு வர்றது, கள்ளச் சாராயம் மாதிரி? நீ தபால்காரன்தானே? தபால்காரனா வா.”

புரிந்தது. மறுநாள் காலை பழைய சீருடையை எடுத்துப் போட்டேன். கீழ் மூன்று பொத்தான் சேரவில்லை. தொப்பி, தோல்பை, சைக்கிள். இந்த இடுப்போடு மேடு ஏற ஒன்றே கால் மணி நேரம். வழியெல்லாம் ஜன்னல் திறந்து பார்த்தார்கள். ஓய்வு பெற்றதை மறந்துவிட்டான் என்று ஒருத்தி சாமியாருக்கு ஆளனுப்பினாள். ஆஸ்டின் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

“லவெல் வீட்டுக்குத் தபால்” என்றேன். 

பிரித்துப் படித்தேன். சின்னக் கடிதம்தான். நலம், வேலை கடினம், தேநீர் மோசம், அன்று ஆட்டத்துக்குப் போனது என் தப்பு, நீ ஒரு வரி எழுதினால் வருகிறேன். “இன்னொரு தரம்” என்றார். படித்தேன். “இன்னொரு தரம்.” நான்கு முறை படித்தேன், டிம்ப்னா. பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காகிதத்தைத் தேடி எடுத்து, “எழுது” என்றார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். மாலக்கியிடம் கொடு.

அண்ணன் கோல்மன்


கில்டாரா
15 ஜூலை 1978

தம்பி மாலக்கிக்கு,

நீ 1953இல் போட்ட கடிதம் இன்று காலை வந்து சேர்ந்தது. நீ கேட்ட ஒரு வரி: வா.

நீ கிளம்பிய வருடம் வைக்கோலில் பாதி காய்ந்தது. நான் சொன்ன அளவுக்கு நஷ்டமில்லை. அப்பாவின் அறையில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறேன். கூரை ஒரு மூலையில் ஒழுகும், அந்தப் பக்கம் காலை வைத்துக்கொள்.

கோல்மன் அழுதுகொண்டே எழுதுவதால் மை பரவியிருக்கிறது. இதையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டான்.

உன் அண்ணன் ஆஸ்டின்


கவன்ட்ரி
31 ஜூலை 1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ மேடு ஏறிய பிறகு இடுப்பு எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே கேட்கிறேன். அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆஸ்டின் கடிதத்தை மாலக்கியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெளியே போனார். புதன்கிழமைச் சாப்பாட்டை அவர் தவறவிட்டது அன்றுதான்.

சங்கப் பேருந்து மூன்றாம் தேதி கிளம்புகிறது. நான் வரவில்லை. இங்கே தங்கும் பதினொரு பேருக்குச் சமைக்க ஆள் வேண்டும். டெவேன் வருகிறார், கில்டாராவில் பேசுவதற்கு உரை தயார் செய்திருக்கிறார். முடிந்தால் மழையைப் பெய்யவை. எல்லாவற்றையும் எனக்கு எழுது, ஒன்றையும் விடாதே. விட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

டிம்ப்னா


கில்டாரா
10 ஆகஸ்ட் 1978

அன்புத் தங்கை டிம்ப்னாவுக்கு,

எல்லாரும் நலம், இறந்தவர் உட்பட.

பேருந்து கோயில் வாசலில் நின்றபோது ஊரே கூடியிருந்தது. மாலக்கி நீலக் கோட்டில் இறங்கினார். மூன்று பேர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஐலீன் சௌக்கியமா என்று விசாரித்தாள். சாமியார்தான் பாவம், இருபத்தேழு வருடம் வைத்த ஆத்தும சாந்திப் பூசைகளை என்ன செய்வது என்று தடுமாறினார். மாலக்கி, “இருக்கட்டும் சாமி, பின்னாடி தேவைப்படும்” என்றார்.

என்னிடம் வந்து நின்றார். மேலும் கீழும் பார்த்தார். “உன்னை அடிக்கணும்னு கப்பல் பூரா யோசிச்சுட்டே வந்தேன். உன் நடையைப் பாத்தா வேற யாரோ முந்திட்டாங்க போலிருக்கு” என்றார். கை கொடுத்தார். நான் விடவில்லை, அவர்தான் இழுத்து எடுத்துக்கொண்டார்.

ஆஸ்டின் சுவரோரம் தனியாக நின்றார். இவர் போனார். இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள். இரண்டு தலையும் ஒரே மாதிரி வழுக்கை.

“சாப்ட்டியா?” என்றார் ஆஸ்டின்.

“கப்பல்ல சாப்ட்டேன்.”

“அதெல்லாம் சாப்பாடா?”

அவ்வளவுதான். டெவேன் உரையை எடுத்துப் பிரிப்பதற்குள் இருவரும் மேட்டுப் பாதையில் பாதி தூரம் போய்விட்டார்கள். அவர் மீதிப் பேருக்குப் பேசினார். மழை வரவில்லை, மன்னித்துக்கொள்.

நான்கு நாள் அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேருந்து கிளம்பும் நாளன்று காலை, பெட்டி தூக்க உதவலாம் என்று மேட்டுக்குப் போனேன். மாலக்கி கோட்டு போட்டு, பெட்டியைக் கட்டி, மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆஸ்டின் பால் வாளியோடு உள்ளே வந்தார், கை கழுவினார், தேநீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.  கீழே கோயில் வாசலில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

கொட்டகையில் மாடு கத்தியது. பிறகு இன்னொன்று.

“என்ன சத்தம்?” என்றார் மாலக்கி.

“ஆறுல மூணுதான் கறந்தேன்” என்றார் ஆஸ்டின், தேநீரைப் பார்த்துக்கொண்டு.

“மிச்சம் மூணு?”

 ஆஸ்டின் சர்க்கரையைக் கலக்கினார், வெகுநேரம் கலக்கினார். ஹாரன் மறுபடி அடித்தது. மாலக்கி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எழுந்து நீலக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார், சட்டைக் கையை மடக்கினார், வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் மெல்ல இறங்கிப் போய், “ஒரு ஆளைக் குறைச்சு எண்ணிக்கோங்க” என்று டெவேனிடம் சொன்னேன்.

எப்போதும் உன் நினைவோடு,
அண்ணன் கோல்மன்